‘கீப் டிராக் ஆஃப்’, ‘கீப் எ ரெக்கார்ட் ஆஃப்’: எங்கே ‘எ’ வரும்?

அலுவலகக் கடிதங்களில் நான் அடிக்கடி திருத்தும் பிழை, ‘கீப் எ டிராக் ஆஃப்’. இந்தியாவில் எழுதப்படும் ஆங்கிலத்தில் இது ஏராளம். செம்மையான ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்று பொருள்படும் அந்த ‘எ’ (a) கிடையாது; ‘கீப் டிராக் ஆஃப் எக்ஸ்பென்சஸ்’ என்பதே சரி. ‘ரெக்கார்ட்’ நேர் எதிர். ஒருமையில் அதற்கு ‘எ’ வேண்டும்: ‘கீப் எ ரெக்கார்ட் ஆஃப் எக்ஸ்பென்சஸ்’. பன்மையானால் ‘கீப் ரெக்கார்ட்ஸ்’ போதும்.

ஏன் இந்த வேறுபாடு? ‘டிராக்’ என்பது தடம். இந்தத் தொடரில் அது எண்ணக்கூடிய ஒரு பொருளைக் குறிப்பதில்லை. பின்தொடர்ந்து கவனித்துவருதல் என்ற செயலுக்குள் கரைந்துவிட்டது. கவனத்திலிருந்து நழுவவிடுதல் எனப் பொருள்படும் ‘லூஸ் டிராக் ஆஃப்’ (lose track of) என்பதிலும் அப்படித்தான். ‘ரெக்கார்ட்’ அப்படிக் கரைவதில்லை. அது கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஏடு, கோப்பு, பதிவு. (நினைவில் கொள்ளுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்குள் இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ ஒளிந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.)

பொருளும் ஒன்றல்ல. மாதச் செலவை மனத்திலேயே கணக்கு வைத்திருப்பவர் ‘டிராக்’ வைத்திருக்கிறார். நோட்டில் எழுதிவைத்தால்தான் ‘ரெக்கார்ட்’. தணிக்கையாளர் கேட்பது இரண்டாவதை. ஆகவே ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லும் கடிதத்தில் ‘டிராக்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். படிப்பவர் கவனித்துக்கொண்டால் போதும் என்று நினைத்துவிடுவார்.

உச்சரிப்பிலும் கவனம் தேவை: பெயர்ச்சொல்லான ‘ரெக்கார்ட்’டில் அழுத்தம் முதல் அசையில், வினைச்சொல்லானால் ‘ரிக்கார்ட்’, அழுத்தம் இரண்டாவதில்.