"எந்த டையும் பொருந்தும்" என்று சொல்லி விற்ற பிரஸ்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

வீட்டில் தோட்டா ரீலோட் செய்பவர்கள் (சுட்டு முடித்த கேஸில், அதாவது பித்தளைக் கூட்டில், புதிய பிரைமர், பவுடர், புல்லட் போட்டு மறுபடி தோட்டாவாக்குபவர்கள்), அதிலும் பழைய புரோகிரசிவ் பிரஸ் (ஒவ்வொரு இழுப்பிலும் பல கேஸில் பல வேலையை ஒன்றாகச் செய்யும் இயந்திரம்) ஒன்றை வாங்கிவிடலாம் என்று இருப்பவர்கள், இதை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். எனக்குப் பணமும் இரண்டு மாதமும் போனது. விரல் தப்பியது.

நான் இருப்பது அரிசோனாவில். மாதம் இரண்டு கிளப் போட்டிகளில் 9 எம்எம் சுடுகிறேன். ஆறு வருடமாக ஒற்றை டை பிரஸ்ஸில்தான் ஓட்டினேன் (டை என்பது பிரஸ்ஸில் திருகி மாட்டும் அச்சு; ஒவ்வொன்றும் கேஸில் ஒரு வேலையைச் செய்யும்). ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது, அறுபது தோட்டாவுக்கு மேல் வராது. அதனால் ஊரில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் பழைய டில்லன் ஆர்எல் 550 புரோகிரசிவ் பிரஸ் வந்திருக்கிறது என்றதும் ஓடினேன். டூல்ஹெட்டில் (டைகளுக்கு நான்கு இடம் உள்ள மேல்தட்டு) டைகள் மாட்டியே இருந்தன. "9 எம்எம் முழு செட், நாங்களே செட் பண்ணிவிட்டோம், கைப்பிடியை இழுத்தால் போதும்" என்றார் கடைக்காரர். 620 டாலர் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் இடத்தில் லீ கம்பெனியின் சைசிங் டை (கேஸைச் சரியான அளவுக்குச் சுருக்குவது), மூன்றாவதில் ஆர்சிபிஎஸ் கம்பெனியின் சீட்டிங் டை (புல்லட்டைக் கேஸில் இறக்குவது), நான்காவதில் மறுபடி லீயின் கிரிம்ப் டை (கேஸின் வாயை இறுக்குவது). கூடவே ஒரு பெட்டியில் லீ எக்ஸ்பாண்டர் டை. போன் போட்டுக் கேட்டேன். "எல்லாமே முக்கால் அங்குலத்துக்கு அடுத்த அளவு, ஏழெட்டு, பதினாலு மரை. எந்த பிராண்டும் பொருந்தும்" என்றார்.

அவர் சொன்ன மரைக்கணக்கு உண்மைதான். விட்டம் எட்டில் ஏழு பங்கு அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. பெரும்பாலான கம்பெனி டைகள் இதே அளவுதான். ஆனால் டை உள்ளே திருகிப் போவது வேறு, அந்த பிரஸ்ஸில் ஒழுங்காக வேலை செய்வது வேறு.

லீ டை உடம்பு குட்டை. டில்லன் டூல்ஹெட்டில் சரியான ஆழத்துக்கு இறக்கினால், மேலே லாக் ரிங் பிடிக்க ஒன்றிரண்டு மரைதான் மிஞ்சுகிறது. லீ லாக் ரிங்கில் பூட்டும் திருகு கிடையாது, ரப்பர் வளையம்தான். இருநூறு தோட்டாவுக்குள் டை மெல்ல மேலே ஏறிவிட்டது. கேஸின் அடிப்பக்கம் முழுதாகச் சுருங்கவில்லை. கேஸ் கேஜில் (தோட்டா சரியான அளவா என்று போட்டுப் பார்க்கும் அளவுகோல்) போட்டால் பத்துக்கு மூன்று உட்காரவில்லை. மெல்லிய லாக் ரிங் வாங்கிப் போட்டாலோ, ரிங்கை டூல்ஹெட்டுக்கு அடியில் மாட்டினாலோ இது தீரும். ஆனால் "செட் பண்ணிவிட்டோம்" என்று விற்றவர்கள் அதைச் செய்திருக்கவில்லை.

அடுத்தது டையின் வாய். புரோகிரசிவுக்கென்று செய்த டைகளில் வாயை அகலமாகச் சரித்திருப்பார்கள். கேஸ்களைத் தாங்கிச் சுழலும் ஷெல் பிளேட்டில் கேஸ் கொஞ்சம் ஆடும். நான்கும் ஒன்றாக மேலே போகும்போது அந்தச் சரிவுதான் கேஸை உள்ளே வழிநடத்தும். ஒற்றை பிரஸ்ஸை மனதில் வைத்துச் செய்த டையில் வாய் குறுகல். முதல் நாளே மூன்று கேஸின் வாய் நசுங்கியது.

இதெல்லாம் எரிச்சல், அவ்வளவுதான். பயந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. 550இல் பழைய பிரைமரை (கேஸின் அடியில் இருக்கும், ஊசி குத்தினால் வெடிக்கும் சிறு மூடி) வெளியே தள்ளுவதும் புதியதைப் பொருத்துவதும் ஒரே இடத்தில் நடக்கும்: கைப்பிடியை இழுத்தால் பழையது விழும், திரும்ப முன்னே தள்ளினால் புதியது ஏறும். தள்ளினேன், பாதியில் நின்றது. என் வழக்கம், எதிர்ப்பு வந்தால் கையை எடுத்துவிடுவேன். கேஸை உருவிப் பார்த்தேன். ஊசி குத்திய பள்ளத்தோடு பழைய பிரைமர் அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு புதிய, உயிருள்ள பிரைமரை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். லீ டையில் பிரைமர் தள்ளும் கம்பியை ஒரு காலட் (கவ்வி) இறுக்கிப் பிடிக்கும். தடை வந்தால் முள் உடையாமல் மேலே வழுக்கட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான், காலட் இறுக்கமாக இருக்கும்வரை. இதில் கையாலேயே சுழன்றது.

சரி, அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மிச்சத்தையும் சோதித்தேன். ஒரு தோட்டாவின் முனையை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். 1.130 அங்குல நீளம் 1.085 ஆனது. புல்லட் உள்ளே போய்விட்டது. 9 எம்எம் போன்ற சின்னக் கேஸில் புல்லட் இவ்வளவு பின்வாங்கினால், சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் என்று இந்த வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் மூன்றாவது இடத்தில் இருந்தது. அந்த ஆர்சிபிஎஸ் டை, சீட்டிங்கும் கிரிம்ப்பும் சேர்ந்தது. தனியாகக் கிரிம்ப் டை இருந்தால் அதன் உடம்பை மேலே ஏற்றி, நடுத்தண்டை மட்டும் இறக்க வேண்டும். கடையில் அதை சைசிங் டை போல ஷெல் பிளேட் தொடும்வரை இறக்கியிருக்கிறார்கள். புல்லட் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கேஸின் வாய் அதைக் கடித்திருக்கிறது. சுத்தியல் வகைப் புல்லரால் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். செம்பு முலாம் சுற்றிலும் வெட்டுப்பட்டு உள்ளே ஈயம் தெரிந்தது, கேஸால் புல்லட்டை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. டை வாயில் செம்புத் துகள் வளையமாக ஒட்டியிருந்தது. அப்படி 214 தோட்டாவை இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தேன்.

அந்த எக்ஸ்பாண்டர் டைக்கு 550இல் வேலையே இல்லை. கேஸின் வாயை விரிப்பதை இரண்டாவது இடத்தில் உள்ள டில்லன் பவுடர் டைக்குள் இருக்கும் ஃபனலே செய்துவிடும். "நாலு டை செட்" என்று எண்ணிக்கை காட்டத்தான் அது.

திரும்பக் கொண்டுபோனேன். "மரை பொருந்துகிறதா இல்லையா? பழைய சாமானுக்கு ரிட்டர்ன் இல்லை." அவ்வளவுதான் பதில். டில்லனின் 9 எம்எம் கார்பைடு செட் தனியாக வாங்கி மாட்டினேன். நான்கு இடத்திலும் கேஸ் வைத்துத்தான் டைகளை அமைத்தேன். ஒன்றை மட்டும் வைத்து அமைத்தால் டூல்ஹெட்டின் ஆட்டம் வேறு, அளவும் மாறும். இப்போது கேஸின் வாயில் விட்டம் 0.379 அங்குலம், கேஜில் எல்லாம் உட்காருகிறது.

பிராண்டைக் கலப்பதையே நான் குறை சொல்லவில்லை. டில்லன் சைசிங் டையோடு ரெடிங் சீட்டிங் டை போட்டு அருமையாகச் சுடுபவர்கள் என் கிளப்பிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொன்றின் உயரம், வாய், லாக் ரிங் பார்த்து மாட்டினார்கள். விற்பவர் மாட்டிக் கொடுத்ததை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி முதலிலிருந்து நீங்களே அமையுங்கள்.

இன்னொன்று. அன்று அதே அலமாரியில் ஒரு டில்லன் ஸ்கொயர் டீல் பி பிரஸ் இருந்தது, அதன் மேல் சேர்த்து விற்பதற்கு ஒரு ஆர்சிபிஎஸ் டைப் பெட்டி. ஸ்கொயர் டீலுக்கு அதற்கென்றே செய்த டை மட்டும்தான் போகும், வேறு எந்த டையும் உள்ளேயே நுழையாது. அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். போன வாரம் எட்டிப் பார்த்தபோதும் பெட்டி அங்கேயே இருந்தது.