பணி ஓய்வுக்குப் பின் ஒரு தஞ்சாவூர் வீணை: வாங்க நினைப்போருக்கான மதிப்புரை

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பற்றி வரும் எழுத்துகள் பெரும்பாலும் அதன் வேலைப்பாட்டைப் புகழ்வதோடு நின்றுவிடுகின்றன. மேடை ஏறும் எண்ணம் சிறிதும் இல்லாமல், பள்ளி நாள்களில் மனத்தில் விழுந்த ஆசையை அறுபது வயதுக்குமேல் நிறைவேற்றிக்கொள்ள நினைக்கும் ஒருவருக்கு இந்தக் கருவி எதைத் தரும், பதிலுக்கு எதைக் கேட்கும் என்பது அந்த எழுத்துகளில் கிடைப்பதில்லை. சில ஆண்டுகளாக நாள்தோறும் வாசித்துவருபவள் என்ற முறையில் அதையே இங்கு எழுதுகிறேன்.

வீணையில் இரு வகை உண்டு. ஒலி பெருகும் குடம், கழுத்துப் பகுதியான தண்டி, அதன் முனையிலுள்ள யாளி முகம் வரை ஒரே பலா மரத்தில் குடைந்து செய்வது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒட்டு வீணை. ஏகாண்டத்தின் விலை கணிசமாக அதிகம். நான் தஞ்சாவூரில் ஒரு குடும்பப் பட்டறைக்கு நேரில் சென்று, பூவேலை அதிகம் இல்லாத ஒட்டு வீணையைத் தேர்ந்தெடுத்தேன். "பேத்திக்காம்மா?" என்று கேட்ட பெரியவரிடம் "எனக்குத்தான்" என்றதும், அலங்கார வீணைகளைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, உள்ளே சாய்த்து வைத்திருந்த எளிய வீணை ஒன்றை எடுத்து வந்து மடியில் வைத்து மீட்டிக் காட்டினார். தனக்காக வாசிப்பவருக்கு நாதம்தான் முக்கியம் என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொண்டார். வாங்குபவர்களும் அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கூடத்தில் பார்வைக்கு வைக்கப்படும் வீணைக்குத்தான் தந்த நிறப் பூவேலையும் பொன்வண்ணமும் தேவை.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் மேளம், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கேற்பத் தண்டியின் மேல் அமைக்கும் வேலை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் வடிவம் பெற்றதாகச் சொல்லப்படும் இன்றைய வீணையில், கம்பியை அழுத்திச் சுரம் பிடிப்பதற்கான 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் மேல் இருபுறமும் கட்டப்பட்ட கரிய மெழுகு வரம்பில்தான் அந்த வெண்கல மெட்டுகள் உட்காருகின்றன. மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுரம் பிசகும். மேளம் கட்டுபவர் மெழுகை இளக்கி, கம்பியை மீட்டிக் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் நிறுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அளவுகோல் எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. என் வீணையின் மேளம் மிக நன்றாக அமைந்திருந்தது. கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டின் வளைவும் அப்படியே. அது சரியாக இல்லையென்றால் எவ்வளவு நல்ல மரமானாலும் நாதம் நிற்காது.

வாசிப்பைப் பொறுத்தவரை, முதல் சில மாதங்கள் விரல்களுக்குச் சோதனைதான். இடக்கைச் சுட்டுவிரல், நடுவிரல் நுனிகளில் கம்பியின் தடம் பள்ளமாக விழுந்து, பிறகு காய்த்துப்போகும். விரல் வழுக்கிச் செல்வதற்காகப் பஞ்சில் தேங்காய் எண்ணெய் நனைத்து ஒரு சிறு கிண்ணத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை என்னும் தொடக்கப் பயிற்சிகளை சிறு பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்குவதில் எனக்கு வெட்கம் எதுவும் இருக்கவில்லை. உடன் படித்த ஒன்பது வயதுச் சிறுமி என்னைவிட வேகமாக முன்னேறியதும் உறுத்தவில்லை. அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் என் இலக்குகளை வேறொருவர் ஆண்டுத் தொடக்கத்தில் நிர்ணயித்து, ஆண்டு இறுதியில் மதிப்பெண் போட்டார். வீணையில் அடுத்து எட்ட வேண்டியது எது, அதற்கு எவ்வளவு காலம் என்பதை நானே தீர்மானிக்கிறேன்.

இந்தக் கருவி தரும் நிறைவை ஒரே ஓர் இடத்தைக் கொண்டு விளக்கலாம். வீணையில் ஒரு மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, அதற்கு மேலுள்ள இரண்டு மூன்று சுரங்களைக்கூடத் தொட முடியும். தோடி ராகத்துக்கு வந்தபோது, காந்தாரத்தை (க) அதற்குரிய மெட்டில் அழுத்தாமல், அதற்கு முந்தைய சுரமான ரிஷபத்தின் (ரி) மெட்டில் விரலை வைத்து இழுத்து அசைத்துப் பிடிக்குமாறு ஆசிரியை சொன்னார். வாரக்கணக்கில் அது ஏதோ அழுகைபோல ஒலித்தது. பிறகு ஒருநாள் காலை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், நான் பாட்டில் கேட்டுப் பழகிய அதே தோடி என் விரலிலிருந்து வந்தது. கேட்க வீட்டில் எவரும் இல்லை. அழைத்துக் காட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை. பதவி உயர்வுகள்கூட எனக்கு அந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை என்று எழுதினால் சிலர் மிகை என்பார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. சென்னைபோன்ற கடலோர ஊர்களில் கம்பி விரைவில் துருப்பிடிக்கிறது. சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டு அசையக்கூடும். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைத் திருத்திக் கட்ட வேண்டியிருக்கிறது, அந்த வேலை தெரிந்தவர்களோ வெகு சிலர். நான்கடி நீளத்துக்கும் மேலான கருவியை ஆட்டோவில் ஏற்றுவது ஒரு தனிக் கலை. சப்பணமிட்டு நெடுநேரம் உட்கார வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் வாங்குவதற்கு முன்பே யாரிடமாவது இரவல் பெற்று உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அடுக்ககவாசிகளுக்கு ஓர் ஆறுதல், வீணையின் ஒலி சிறியது. விடியற்காலையில் வாசித்தாலும் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவதில்லை.

பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய மின்னணு வீணை பயணத்துக்கு வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் குடத்தின் அதிர்வைத் தொடையிலும் மணிக்கட்டிலும் உணர்ந்து பழகிய எனக்கு அது சற்றும் ஒட்டவில்லை. வயதான பிறகு கற்கத் தொடங்குபவருக்கு நான் மர வீணையையே பரிந்துரைப்பேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்: உங்கள் ஊரிலோ அருகிலோ மேளம் கட்டித் தருபவர் யார் என்பதையும், நீங்கள் மீட்டிக் கேட்டுத் தேர்ந்தெடுத்த அதே வீணைதான் கட்டி அனுப்பப்படுமா என்பதையும்.