பிர்ஃபெனிடோனா, நின்டெடானிபா?

நுரையீரல் தழும்பேறும் நோய்க்கான மருந்துகள் இவை. தழும்பேறிய நுரையீரலை இரண்டுமே மீட்காது. மூச்சுக்கொள்ளளவு சரியும் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கும், அவ்வளவுதான்.

அளவு: பிர்ஃபெனிடோன் மூன்று வேளை, 267 மி.கி.யில் தொடங்கி வாரம் ஒரு படி ஏற்றி, மூன்றாம் வாரத்தில் வேளைக்கு 801. நின்டெடானிப் 150 மி.கி., இரண்டே வேளை. இரண்டும் சாப்பாட்டோடு.

தொல்லை: முன்னதில் குமட்டல், வெயில் பட்டால் தடிப்பு. பின்னதில் வயிற்றுப்போக்கு, அடங்காவிட்டால் 100 மி.கி.க்கு இறக்குவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் நின்டெடானிபுக்கு முன் யோசிக்க வேண்டும். கல்லீரல் பரிசோதனை இரண்டுக்கும் உண்டு.

யாருக்கு: 2017இல் வெளியான, இவ்வகை நுரையீரல் திசு நோயாளிகளின் இந்தியப் பதிவேட்டில் 1,084 பேரில் 47.3% ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. காரணம் தெரியாத தழும்பு நோய் 13.7% மட்டுமே. பின்னவர்களுக்கு எதுவும் சரி, தாங்குவதைப் பொறுத்து. ஒவ்வாமை வகை தழும்பாகி முற்றினால் நின்டெடானிபுக்கே ஆதாரம் வலு. மருந்துக்கு முன், ஒவ்வாமையைத் தூண்டும் ஏர்கூலரையும் புறாக்கூண்டையும் அகற்றுங்கள்.