கோவா டைம்ஷேர் வாரம் வாடகைக்கு வருகிறதா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நல்லபடியாக முடிந்தது. டிசம்பர் கடைசி வாரம் அப்பா, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோவா போகலாம் என்று ஆசைப்பட்டோம். அந்த நேரத்தில் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பெங்களூர் அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது: தெற்கு கோவா ரிசார்ட், ஒரு படுக்கையறை, சமையலறையோடு, ஏழு இரவுகள், 42,000 ரூபாய். பேசியவர் டைம்ஷேர் உறுப்பினர், அதாவது ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பணம் கட்டி வாங்கி வைத்திருப்பவர். தமிழர், கம்மனஹள்ளிக்காரர். நம்பிவிட்டேன். முழுப் பணத்தையும் யுபிஐயில் அனுப்பினேன்.

மறுநாளே, உறுப்பினருக்குப் பதில் இன்னொருவர் தங்கலாம் என்று காட்டும் ‘கெஸ்ட் சர்டிஃபிகேட்’ என் பெயர் போட்டு வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: “ரிசப்ஷன்ல கேட்டா என் அக்கா பையன்னு சொல்லிடுங்க சார், வாடகைன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க.” அதைக் கேட்டபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

யஷ்வந்த்பூரில் வாஸ்கோ ரயில் ஏறினோம். சமையலறை இருக்கிறதே என்று அம்மா புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, சின்ன குக்கர் எல்லாம் ஒரு பையில் கட்டி எடுத்து வந்தார். மட்காவ் ஸ்டேஷனில் இறங்கி ரிசார்ட் போனால், கவுண்டரில் இருந்த பெண் சர்டிஃபிகேட்டைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். “இந்த புக்கிங் மூன்று நாளைக்கு முன்பே ரத்தாகிவிட்டதே சார்.” அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, “அவர் எங்க அக்கா பையன்தாம்மா” என்று உறவையும் தலைகீழாக்கித் திரும்பத் திரும்பச் சொன்னார். அறுபது வயதுக்காரரின் மனைவியை ஒரு பொய் சொல்ல வைத்து அந்த வாசலில் நிறுத்திவிட்டேனே என்பதுதான் 42,000 ரூபாயைவிட எனக்கு இன்னும் வலிக்கிறது.

பிறகுதான் விவரம் தெரிந்தது. டைம்ஷேரில் ஒருவர் தன் சொந்த வாரத்தை வாடகைக்கு விடுவது வேறு. அதை அந்தந்த ரிசார்ட்டின் ஒப்பந்தம் அனுமதிக்கலாம். ஆனால் தன் வாரத்தை எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திடம் கொடுத்து, பதிலுக்கு வேறு ஊரில் வாங்கிய வாரம் அப்படியல்ல. ஆர்சிஐ, இன்டர்வல் இன்டர்நேஷனல் போன்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களின் விதிப்படி அதை வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது. கெஸ்ட் சர்டிஃபிகேட் என்பது உறவினர், நண்பர் யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு மட்டும். விளம்பரம் கண்ணில் பட்டால் புக்கிங்கை ரத்து செய்யலாம், உறுப்பினர் கணக்கையும் முடக்கலாம். அவர் எங்களுக்குக் கொடுத்தது எக்ஸ்சேஞ்ச் வாரம், நடந்ததும் அதுதான். ரிசார்ட்டின் பெயர், தேதி எல்லாம் போட்டு அவர் ஊருக்கே விளம்பரம் செய்திருந்தார்.

உறுப்பினர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும், அதில் கொஞ்சமாவது மீட்கலாம் என்று பார்க்கிறார்கள். இதைப் படிப்பவர்களில் உறுப்பினர் யாராவது இருந்தால், தயவுசெய்து எக்ஸ்சேஞ்ச் வாரத்தை விற்காதீர்கள். கணக்கு முடங்கினால் நஷ்டம் உங்களுக்கு, நடுத்தெருவில் நிற்பது இன்னொருவர் குடும்பம்.

அன்றிரவு மட்காவ் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்தோம். குக்கரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் ஊர் திரும்பிவிட்டோம்.

யாராவது வாரம் தருகிறேன் என்றால் முதலில் கேளுங்கள்: இது உங்கள் சொந்த வாரமா, எக்ஸ்சேஞ்சா? சொந்தம் என்றால் அந்த வருடத்துப் பராமரிப்பு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரிசார்ட்டின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, முன்பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா, வாடகைக்கு வருவதை அவர்கள் ஏற்பார்களா என்று விசாரியுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொரு முறை கூப்பிடுங்கள். நான் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. கெஸ்ட் சர்டிஃபிகேட்டுக்கு விலை சொன்னாலோ, உறவுக்காரர் என்று சொல்லச் சொன்னாலோ அத்தோடு விட்டுவிடுங்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்து இணைய மோசடிப் புகார் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நான் பத்து நாள் அவரோடு போனில் மன்றாடியே வீணாக்கினேன். “கேன்சல் பண்ணது நான் இல்லையே சார்” என்பதுதான் பதில். இதுவரை திரும்பி வந்தது 15,000 ரூபாய்.

நேற்று வேறொரு குழுவில் அதே எண்ணிலிருந்து ஒரு விளம்பரம் பார்த்தேன். ஊட்டி, மே மாதம், ஏழு இரவுகள், 38,000 ரூபாய்.