அத்தைக்குத் தனி அத்தியாயமா, அரைப் பக்கமா?

ஒரு நாவல் என்று வைத்துக்கொள்வோம். அரிசி மில் குடும்பம், அண்ணன் தம்பி இரண்டு பேர், பாகப்பிரிவினைத் தகராறு. மூத்தவன் சுந்தரம்தான் கதாநாயகன். வீட்டோடு இருக்கும் விதவை அத்தைக்கு மட்டும் தாத்தாவின் உயில் எங்கே இருக்கிறது என்று தெரியும். பத்தாவது அத்தியாயத்துக்குள் அத்தை சுந்தரத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறாள். எழுதுகிறவருக்கும் அவள் பின்னால் போகத்தான் கை துடிக்கிறது.

வழி மூன்று இருக்கிறது. சுந்தரத்தின் கண்ணை விட்டு நகராமல் கடைசிவரை எழுதலாம். எல்லாம் அறிந்த கதைசொல்லியை வைத்து எல்லார் மனசுக்குள்ளும் போய் வரலாம். அத்தைக்குத் தனி அத்தியாயம் கொடுக்கலாம். என் ஓட்டு மூன்றாவதற்கு, ஆனால் கஞ்சத்தனமாகக் கொடுக்க வேண்டும்.

முதல் வழியில் பெரிய சிக்கல் கிடையாது. சிறுகதைக்கும் நாற்பதாயிரம் வார்த்தைக்குள் முடியும் நாவலுக்கும் அதுவே போதும். அதற்கு மேல் நீண்டால், சுந்தரம் ஜன்னலோரம் நின்று ஒட்டுக் கேட்பான். பழைய கடிதம் கிடைக்கும். யாராவது வந்து உட்கார்ந்து ‘அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா...’ என்று மூன்று பக்கம் பேசுவார்கள். ஒருமுறை செய்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார். மூன்றாம் முறை சாயம் வெளுத்துவிடும்.

இரண்டாவது நமக்குப் பழகிய வழி. 1950இல் தொடங்கி வாரத் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி வந்தியத்தேவனோடு குதிரையில் போவார், பூங்குழலியோடு படகில் போவார், நினைத்தபோது வெளியே வந்து வாசகரோடும் பேசுவார். எல்லார் வீட்டுக்குள்ளும் நுழையத் தெரிந்த அந்தக் கதைசொல்லிக்கு வாசலிலேயே நின்றுகொள்ளவும் உரிமை உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றைக்கும் வாசகர்கள் வாதாட முடிவது அதனால்தான். ரகசியத்தை நம்பி ஓடும் கதைக்கு இந்த வசதி பெரிய வரம்.

ஆனால் குடும்பக் கதையில் இது இடிக்கும். தமிழில் வினைமுற்றே உறவைச் சொல்லிவிடுகிறது. சுந்தரத்தின் அத்தியாயத்தில் ‘அத்தை வந்தாள்’ என்று எழுதுவோம். மில்லில் மூட்டை தூக்கும் காளியப்பனின் கண்ணில் அதே மனுஷி ‘பெரியம்மா வந்தார்’. எல்லார் மனசுக்குள்ளும் போகிற கதைசொல்லி ‘வந்தாள்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அதைச் சுமக்க வேண்டும். ‘அத்தை’ என்றும் எழுத முடியாது, யாருக்கு அத்தை? தனி அத்தியாயத்தில் இந்தத் தொல்லையே வசதியாகிவிடுகிறது. அத்தையின் அத்தியாயம் ‘கமலம் எழுந்தாள்’ என்று தொடங்கட்டும். வீட்டில் ஒருத்தரும் கூப்பிடாத பெயர் அது. வாசகருக்கும் அங்கேதான் முதன்முதலாகத் தெரியவரும். அதே அத்தியாயத்தில் இளையவனின் மனைவி ‘அந்தப் பொண்ணு’ என்று மட்டுமே வருகிறாள், பெயரே இல்லாமல். இரண்டு பேருக்கும் ஆகாது என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டிய தேவை தீர்ந்தது.

இனி இதன் விலை. நடை மாறவில்லை, குரல் ஒன்றுபோல இருக்கிறது என்பதெல்லாம் திருத்தும்போது சரியாகிற விஷயங்கள். நாவலைக் கவிழ்ப்பது அறிவுக் கணக்கு. யாருக்கு எது எப்போது தெரியும் என்ற கணக்கைச் சொல்கிறேன்.

சுந்தரத்தின் அத்தியாயத்தில் அத்தை முறுக்குப் பிழிந்துகொண்டே, தலையைத் தூக்காமல், ‘எனக்கென்னடா தெரியும், உங்க தாத்தா எங்கிட்டயா சொல்லிட்டுப் போனாரு’ என்கிறாள். வெளியிலிருந்து பார்க்கையில் அருமையான காட்சி. இரண்டு அத்தியாயம் தள்ளி அத்தையின் தலைக்குள் போகிறோம். உயில் அவளுடைய டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. இருபது பக்கம் அவள் மனசுக்குள் உட்கார்ந்திருந்தும் அந்தப் பெட்டி ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை என்றால், எழுதியவர் ஏமாற்றியிருக்கிறார். முடிவில் உண்மை தெரியும்போது வாசகர் ஆச்சரியப்பட மாட்டார், எரிச்சல்படுவார்.

தப்பிக்க இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. உயில் அவள் கைக்கு வருவதற்கு முந்தைய நாளோடு அவள் அத்தியாயத்தை முடித்துவிடலாம். அல்லது முதல் பாராவிலேயே பெட்டியைத் திறந்து காட்டிவிடலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ‘உயில் எங்கே’ என்ற கேள்வி போய், ‘சுந்தரத்துக்கு எப்போது தெரியும்’ என்ற கேள்வி வருகிறது. பின்னது நூறு பக்கம் தாங்கும். முறுக்குப் பிழிகிற காட்சியைப் பெட்டி திறந்த பிறகு வைத்துப் பாருங்கள், அதே வசனம் வேறு வேலை செய்யும்.

கணக்குக்கு ஒரு தாள் போதும். இடப்பக்கம் அத்தியாய எண், மேலே பாத்திரங்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அத்தியாயத்தில் அவருக்குப் புதிதாகத் தெரிய வந்தது மட்டும். கடைசி நெடுவரிசையின் தலைப்பு ‘வாசகர்’. பலரும் விட்டுவிடுவது இந்த வரிசையைத்தான், பாதித் தப்பு நடப்பதும் அங்கேதான். திருத்தும்போது 9ஆம் அத்தியாயத்தையும் 12ஆம் அத்தியாயத்தையும் இடம் மாற்றினால், 12இல் தெரிய வேண்டியதைப் பற்றி 10இலேயே யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். கண்ணால் படித்தால் சிக்காது. தாளில் உடனே தெரியும். ஒவ்வொரு முறை வரிசை மாறும்போதும் தாளைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். பராமரிப்புச் செலவு இதுதான். இரண்டு துணைப் பாத்திரத்துக்கு ஒரு சாயங்கால வேலை. ஐந்து பேருக்குக் கொடுத்தால் வாரக் கணக்காகும்.

அதனால் எண்ணிக்கை முக்கியம். 30 அத்தியாய நாவலில் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று அத்தியாயம். அவற்றில் முதல் அத்தியாயம், நாவலின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் வந்துவிட வேண்டும். 22ஆம் அத்தியாயத்தில் திடீரென்று புது மனசு திறந்தால், கதாசிரியருக்கு வேறு வழி தெரியவில்லை என்றுதான் தோன்றும். விதிவிலக்கு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பாக்னர் 1930இல் வெளியிட்ட ‘ஆஸ் ஐ லே டையிங்’ நாவலில் 59 அத்தியாயம், 15 பேர் சொல்கிறார்கள். மகன் டார்ல் மட்டும் 19 முறை பேசுகிறான். யாருடைய சவத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்களோ அந்தத் தாய்க்கு ஒரே ஒரு அத்தியாயம், அதுவும் அவள் செத்து வெகுநேரம் கழித்து. அந்த ஒன்றின் கனம் மற்றவர்கள் பேசியதையெல்லாம் திருப்பிப் போடுகிறது. பதினைந்து பேரைக் கட்டி மேய்க்க அவரால் முடிந்தது. நாம் அந்த ஒற்றை அத்தியாயத்தின் கஞ்சத்தனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

எழுதிய பிறகு ஒரு சோதனை. அத்தையின் அத்தியாயத்தை எடுத்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள். ஒரு வசனத்துக்காவது அர்த்தம் மாறவில்லை என்றால் அது அத்தியாயம் இல்லை, பாத்திரக் குறிப்பு. நடந்த காட்சியையே அவள் பக்கத்திலிருந்து மறுபடி சொல்வது இன்னொரு பொதுவான சறுக்கல். நாலு வரிக்கு மேல் பின்னால் போகக் கூடாது.

வாரத் தொடரில் இந்தக் கணக்கு எவ்வளவு செல்லும் என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அங்கே அத்தைக்கு இரண்டு அத்தியாயம் என்றால் சுந்தரத்தை இரண்டு வாரம் காணோம். புத்தகமாகப் படிப்பவருக்கு அது அரைமணி நேரம்தான். தொடருக்குக் கல்கியின் வழியே தோது என்று நினைக்கிறேன்.

இளையவனின் மனைவிக்கு? கொடுக்க மாட்டேன். அவள் மனசுக்குள் போனால் அவள் பக்க நியாயமும் தெரிந்துவிடும், பாகப்பிரிவினையில் எதிராளியே இல்லாமல் போய்விடும். அரைப் பக்கம் போதும், சுந்தரத்தின் கண்ணிலேயே: எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடி, குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து அவள் தனியாகச் சாப்பிடுகிறாள்.