பெவேரியாவா, மெட்டாரைசியமா?

பயிருக்கு ரசாயனப் பூச்சிமருந்தைக் கைவிட நினைப்பவர்கள் பலரும் இந்த இரண்டில் எதை வாங்குவது என்றுதான் குழம்புகிறார்கள். இரண்டும் பூஞ்சைதான், வித்து பூச்சியின் மேல்தோலில் ஒட்டி, முளைத்து, துளைத்து உள்ளே போய்க் கொல்லும். பூச்சி அதைத் தின்ன வேண்டிய அவசியமே இல்லை.

எங்கே?
பெவேரியா: பெரும்பாலும் இலையில் தெளிக்க, புழுவுக்கும் வெள்ளை ஈக்கும்.
மெட்டாரைசியம்: மண்ணுக்கும் எருக்குழிக்கும். தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு பெரும்பாலும் எருக்குழியில்தான் வளர்கிறது, அங்கே ஈரமும் நிழலும் இருப்பதால் பூஞ்சையும் நன்றாகப் பிழைத்துக்கொள்ளும்.

வேகம்?
இரண்டுமே மெதுவு. பூச்சி சாக சில நாட்கள் ஆகும்.

வெயில்?
பெவேரியா: இலைமேல் சீக்கிரம் செத்துவிடும், சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும்.
மெட்டாரைசியம்: எருவுக்குள் அந்தக் கவலை குறைவு.

ஆபத்து?
பெவேரியா: 1835இல் இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி பட்டுப்புழு நோய்க்குக் காரணம் என்று காட்டியது இதே பூஞ்சையைத்தான். அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம், பட்டுப்புழுவுக்குத் தீனியான மல்பெரித் தோட்டத்தை ஒட்டி இதைத் தெளிக்காதீர்கள், தயவுசெய்து. அசுவினிப் பூச்சியைத் தின்று உதவும் பொறிவண்டையும் இது தாக்கும். அப்புறம், பூ பூத்திருக்கும்போது தெளித்தால் தேனீ மேலும் படும்.
மெட்டாரைசியம்: இதுவும் பட்டுப்புழுவைத் தாக்கக்கூடியதே. ஆனால் குழிக்குள் ஊற்றுவதால் காற்றில் பரவுவது குறைவு.

தென்னை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் மெட்டாரைசியம் வாங்கலாம். காய்கறிக்குப் பெவேரியா சரி, பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பு இல்லையென்றால் மட்டும். எதுவானாலும் பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீர்கள், பாக்கெட்டில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.