கொலோனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யும் மாத்திரைகள்: எது யாருக்குச் சரிப்படும்?

"அந்த உப்புத் தண்ணியைக் குடிக்க முடியாது டாக்டர், மாத்திரையா எழுதிக் கொடுங்க" என்று கேட்பவர்கள் அதிகம். கொலோனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை; அதற்கு முன் குடலைக் கழுவக் குடிக்கும் மருந்துக் கரைசலைத்தான் அவர்கள் உப்புத் தண்ணி என்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் மாத்திரை நம்மைக் காப்பாற்றுவது சுவையிலிருந்து மட்டும்தான். தண்ணீரைக் குடித்தே ஆக வேண்டும், ஏனென்றால் குடலைக் கழுவுவது தண்ணீர்தான். மாத்திரையில் உள்ள உப்பு, அந்தத் தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்து வைக்கிறது.

அமெரிக்காவில் இதற்கென்று எழுதப்படும் மாத்திரைகளில் புதியது சூட்டாப். 2020 நவம்பரில் எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி பெற்றது. ஒரு மாத்திரையில் சோடியம் சல்ஃபேட் 1.479 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் 0.225 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.188 கிராம். முந்தின நாள் மாலை 12, பரிசோதனை நாள் காலை 12, ஆக 24. கூடவே வரும் கப்பில் கோடு வரை (சுமார் 475 மில்லி) தண்ணீர் ஊற்றி, 12 மாத்திரைகளையும் 15–20 நிமிடத்தில் ஒவ்வொன்றாக விழுங்கி, அந்தத் தண்ணீரையும் முடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அரை மணியில் இன்னொரு கப். அரை மணி இடைவெளி விட்டு, மறுபடி அரை மணியில் மூன்றாவது கப். இரண்டு வேளைக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2.8 லிட்டர் வந்துவிடும்.

பலர் கோட்டை விடுவது காலை வேளைக் கணக்கில்தான். இரண்டாவது வேளையைப் பரிசோதனைக்கு 5 முதல் 8 மணி நேரம் முன்பு தொடங்க வேண்டும். கடைசி மடக்குத் தண்ணீர் 2 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். காலை 10 மணிக்கு நேரம் கொடுத்திருந்தால், 5 மணிக்கு ஆரம்பித்தாலும் மூன்றாவது கப் காலியாகும்போது 7.50 ஆகிவிடும். மிச்சம் 10 நிமிடம்தான். குமட்டல் வந்து நிறுத்தி நிறுத்திக் குடிக்க நேர்ந்தால் அதுவும் போச்சு. அதனால் 4 மணிக்கு அலாரம் வைப்பதே புத்திசாலித்தனம். தூக்கம் கெடுகிறதே என்று 24 மாத்திரையையும் மாலையிலேயே விழுங்கிவிடக் கூடாது. ஒரே மாலையில் அவ்வளவு உப்பு உள்ளே போவதும் ஆபத்து. இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்து, தட்டையான பாலிப்களையும் (குடல் சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சிகள்) மறைத்துவிடும்.

மாத்திரைகள் பெரியவை, உடைத்தோ மென்றோ சாப்பிட வேண்டாம். விழுங்கவே சிரமப்படுபவருக்கும், வயிறு மெதுவாகக் காலியாகும் நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்கும் திரவ மருந்தே மேல். குமட்டலும் வயிறு உப்புசமும் சகஜம்; தண்ணீர் குடிக்கும் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால், நீங்களாக மறுபடி போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். வழக்கமான மருந்துகளை ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அவையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது ஆஸ்மோபிரெப். இது சோடியம் ஃபாஸ்ஃபேட். 15 நிமிடத்துக்கு 4 மாத்திரை, ஒவ்வொரு முறையும் 240 மில்லி திரவம். மாலை 20, மறுநாள் 12. தண்ணீர் 2 லிட்டருக்குள் முடிகிறது என்பது கவர்ச்சிதான். ஆனால் ஃபாஸ்ஃபேட் சிறுநீரகத்தில் படிந்து நிரந்தரச் சேதம் செய்யக்கூடும். அதனால்தான் 2008 டிசம்பரில் எஃப்.டி.ஏ. இதற்குக் மருந்து விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போடச் சொன்னது. 55 வயதைத் தாண்டியவர்கள், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறியவர்கள், 'பிரில்', 'சார்ட்டான்' என்று முடியும் பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் இதன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. கொலோனோஸ்கோபிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில் எங்காவது வந்துவிடுவார்கள்! சூட்டாப் முழுக்கப் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. சிறுநீரகம் பழுதானால் மெக்னீசியம் உடலில் தேங்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு பெக் (பாலிஎதிலீன் கிளைக்கால்) பவுடர் கரைசலே டாக்டர்களின் முதல் தேர்வு. தமிழ்நாட்டில் 'பெக்லெக்' என்று 2 லிட்டரில் கரைத்துக் குடிப்பது அந்த வகைதான்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது 5 மில்லிகிராம் பைசகோடில் என்ற மலமிளக்கி மாத்திரை, கடையில் சீட்டு இல்லாமலே கிடைப்பது. குடலை உந்திவிடும், கழுவாது, தனியாகப் போதாது. பெக் கரைசலுக்குத் துணையாக டாக்டர் சொன்னால் மட்டும் போடலாம், சூட்டாப்போடு சேர்க்கவே கூடாது. பால் காபியோடு விழுங்கினால் மேல்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து, வயிற்றைப் பிடித்து இழுக்கும்.

எதை எடுத்தாலும் முந்தின நாள் தாளிப்பில் கடுகு, தக்காளி விதை, கீரை கிடையாது. சிவப்பு, ஊதா நிற பானமும் வேண்டாம். உள்ளே ரத்தம் போலத் தெரியும். கடைசியில் போவது மஞ்சள் கலந்த தெளிந்த நீராக இருக்க வேண்டும். கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால், வண்டி ஏறுவதற்கு முன்பே மருத்துவமனைக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.